அத்தைக்கு அடித்த ஹாரன்

என் வீட்டுக்காரருக்கு டீசல் பைத்தியம். குடியில்லை, சீட்டாட்டமில்லை, கொடுத்துவைத்தவள் என்று என் அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் ஒரு நாள் எங்கள் வேப்பம்பட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்து பார்க்க வேண்டும். சாம்பார் ஊற்றும்போது மனுஷன் பெர்லினில் ரயில் ஏறியிருப்பார். ரசத்துக்கு ஹாம்பர்க் வந்துவிடும். மோர் ஊற்றிக்கொள்ளும்போது அமெரிக்காவில் ஏதாவது ஒரு பாலைவனத்தில் ஓடிக்கொண்டிருப்பார். கத்தரிக்காய் வெந்ததா வேகவில்லையா என்று மட்டும் சொல்லமாட்டார்.

அவர் ரயில் டிரைவர். லோகோ பைலட் என்று சொல்ல வேண்டுமாம், எனக்கு வாயில் வராது. உதவி டிரைவராகச் சேர்ந்து, சரக்கு வண்டி ஓட்டி, பிறகு டீசல் என்ஜின் மாட்டிய எக்ஸ்பிரஸ்களைப் பல வருடம் ஓட்டினார். டீசலில் வேகம் என்றால் அவருக்குக் கண் விரிந்துவிடும். கரி என்ஜின்தான் ராஜா என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஜெர்மனிக்காரன் இரண்டே பெட்டியில் டீசல் ரயில் கட்டி மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டரில் ஓட்டிக் காட்டினான் என்பார். அந்த வேகத்தை அடைவது பெரிய விஷயமில்லையாம், நிறுத்துவதுதான் பெரும்பாடாம். அதற்காகத் தண்டவாளத்தையே கவ்விப் பிடிக்கிற காந்த பிரேக்கை வைத்தார்களாம். பிறகு இங்கிலாந்துக்குப் போவார். அங்கே தலைக்கொன்று வாலுக்கொன்றாக இரண்டு டீசல் என்ஜின் வைத்து இருநூறில் ஓட்டினார்களாம். வேறொரு பெரிய ரயில் தயாராகும்வரை சமாளிக்கக் கட்டிய வண்டி அது. பெரிய ரயில் படுத்துவிட்டது, சமாளிக்க வந்தது நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது. இதைச் சொல்லும்போது அவருக்குச் சொந்தத் தங்கச்சி மகன் பரீட்சையில் பாஸான மாதிரி முகம் இருக்கும்.

நம் ஊரில்கூட டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே ஓடிய முதல் ராஜதானி டீசலில்தான் ஓடியது என்பார். அரைத்த மாவையே அரைப்பார், நானும் உம் கொட்டுவேன். ஒரே ஒரு கதையை மட்டும் நான் உம் கொட்டாமல் கேட்டேன். அமெரிக்காவில் எவர்சில்வர் தகட்டில் ஒரு டீசல் ரயில் செய்து, விடியற்காலை ஓர் ஊரில் கிளப்பி, பொழுது சாய்வதற்குள் ஆயிரம் மைல் தள்ளியிருந்த சிகாகோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. வழியில் இருந்த ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும் ஓர் ஆளை நிறுத்தி வைத்திருந்தார்களாம். ஏனென்றால் அவ்வளவு வேகமாக ஒரு ரயில் வரும் என்பது ஜனங்களுக்குப் பழக்கமில்லை. தூரத்தில் பார்த்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது என்று தாண்டப் போய்விடுவார்கள்.

“அப்போ இங்கேயும் கேட்டுக்குக் கேட்டு ஆள் நிறுத்தச் சொல்லுங்க” என்றேன்.

“கேட்டையே மூடித்தான வைக்கிறாங்க. நம்ம ஜனம் குனிஞ்சி பூந்து வருதே, அதுக்கு இன்னா பண்ண?” என்றார்.

அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. இருவருக்கும் தெரியும், குனிந்து புகுந்து வருகிற ஜனத்தில் முதல் ஆள் அவருடைய அம்மா.

அத்தையின் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஃபிளாட் இந்தப் பக்கம். அத்தையின் குடும்பம் ஒரு காலத்தில் இங்கே வயல் வேலை செய்தது. வயல் மனையானதும் அத்தை அம்பத்தூரில் ஒரு சட்டைக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கணவர் சீக்கிரம் போய்விட்டார். ஒற்றை ஆளாக மகனைப் படிக்கவைத்து ரயில்வேயில் ஏற்றிவிட்டார். நான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள், மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முதல் வருடம் அத்தை பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் பாட்டு மாதிரி இருக்குமாம். அத்தைக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொல்கிற வாய். அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

ஸ்டேஷனில் மேம்பாலம் இருக்கிறது. அத்தைக்கு முட்டி வலி. “அம்மாம் படி ஏறி எறங்கினா நான் ஊடு வந்து சேர மாட்டேன், ஆஸ்பத்திரிக்குதான் போவேன்” என்பார். கேட் திறக்கும்வரை நிற்கவும் பொறுமை கிடையாது. மூடினால் திறக்க எத்தனை நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது, நாலு தடத்திலும் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆகவே லோக்கல் ரயில் ஒன்று போனதும் அதன் வாலைப் பிடித்தமாதிரி குனிந்து இந்தப் பக்கம் வந்துவிடுவார். அவருக்குக் காதுதான் சிக்னல். டீசல் வண்டி திருநின்றவூரைத் தாண்டும்போதே அவருக்குக் கேட்டுவிடும். “ஓடு ஆடுது பாரு, நைனா வந்துகினு கீறான்” என்று பாதிச் சோற்றில் எழுந்து போவார். மகன் அவருக்கு நைனாதான்.

அவர் எழுந்து போவதற்கு ஒரு காரணம் இருந்தது. கேட்டை நெருங்கும்போது டிரைவர்கள் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே வர வேண்டும், அது சட்டம். என் வீட்டுக்காரர் எங்கள் கேட்டில் மட்டும் அந்த நீள ஹாரனின் வாலில் சின்னதாக இரண்டு தட்டு தட்டுவார். அது சட்டத்தில் இல்லை. அது அம்மாவுக்கு. அத்தை கேட் ஓரம் நின்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார். என்ஜின் ஜன்னலிலிருந்து ஒரு கை அசையும். அவ்வளவுதான், வண்டி போய்விடும். வெயிலோ மழையோ, அத்தை அந்த இடத்தில் நின்றார். மகன் டீசல் ஓட்டிய காலம் முழுக்க இது நடந்தது.

பிறகு அவரை மின்சார என்ஜினுக்கு மாற்றி, அதன் பிறகு புது வெள்ளை ரயிலுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் தடத்தில் நூற்று முப்பதில் போகிற வண்டி. பயிற்சி முடிந்து வந்த மனுஷனிடம் சந்தோஷம் இருந்தது, கூடவே வேறு ஏதோவும் இருந்தது. “டீசல்ல அந்த சத்தமே பாதி ஹாரன். இது பக்கத்துல வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. மூக்கு நீளம் வேற. ஆள் கிட்ட வந்துட்டா கண்ணுக்கே மறைஞ்சிடும்” என்றார். நான் மேலே கேட்கவில்லை. சில வருடம் முன்பு பட்டாபிராம் பக்கத்தில் ஓர் ஆள் அவர் வண்டியில் விழுந்திருக்கிறான். ரன் ஓவர் என்று அவர்கள் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அவர் வாசல் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். டிரைவர் வீடுகளில் அப்படித்தான், சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி. அதன்பின் சில நாள் அவர் வாயில் பெர்லினும் இல்லை, ஹாம்பர்க்கும் இல்லை. அந்தக் கதைகளைக் கேட்க மாட்டோமா என்று நான் ஏங்கியது அப்போதுதான்.

வெள்ளை ரயிலை அவர் தன் பொறுப்பில் முதல் தடவை ஓட்டப்போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

“இந்த வண்டியில எல்லாம் பதிவாவும்மா. இஷ்டத்துக்கு ஹாரன் அடிக்க முடியாது. நீ வந்து நிக்காத. நாளைக்கு ஊட்டுலயே இரு” என்றார்.

“சரி நைனா” என்றார் அத்தை, பால் குடிக்கிற பூனை மாதிரி. மகன் செருப்பு மாட்ட வெளியே போனதும் அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “அவன் அப்டிதான் சொல்லுவான். பெத்தவள பாத்துட்டு அடிக்காம பூடுவானா?”

எனக்கு அப்போதே சுருக்கென்றது. “அத்தே, வேண்டாம். நானே கேட்டுல நின்னு ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு வந்து காட்றேன்” என்றேன். சரி என்றார். அவர் இரண்டு தடவை சரி என்றால் ஒன்றுகூட சரியில்லை என்று அர்த்தம், எனக்கு அது தெரியும்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் ஃபிளாட் இருக்கிற பக்கமாகக் கேட் ஓரம் போய் நின்றேன். மத்தியான வெயில். கேட் மூடியிருந்தது. பைக்குகள், ஷேர் ஆட்டோ, ஒரு தண்ணீர் லாரி, எல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. கேட் கீப்பர் தன் அறை வாசலில் கொடியோடு நின்றிருந்தார். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஆவடிப் பக்கமாகப் பார்த்தேன். வெள்ளை ரயில் அங்கிருந்துதான் வரும். தூரத்தில் கானல் மட்டும் ஆடியது.

எதிர்ப் பக்கத்தில் ஆவடிக்குப் போகிற லோக்கல் ரயில் வந்தது. அது கடந்துபோகிறவரை அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. கடைசிப் பெட்டி நகர்ந்ததும் அங்கே அத்தை நின்றிருந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் புடவை, இடது கையில் தூக்குவாளி. குனிந்து கேட்டுக்குள் புகுந்துவிட்டார்.

“அத்தே! வராதீங்க! அங்கயே நில்லுங்க!” என்று கத்தினேன். போய்க்கொண்டிருந்த லோக்கலின் கடகடப்பில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக் காட்டினார். கேசரியாக இருக்கும், மகனுக்கு நல்லது நடந்தால் கேசரிதான். முதல் தடத்தைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார். அப்போது ஆவடிப் பக்கத்தில் கானலுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சத்தமே இல்லை. தண்டவாளத்தில் லேசாக ஒரு ரீங்காரம் மட்டும்.

அத்தை மூன்றாவது தடத்தில் கால் வைத்தார். அந்த நேரத்தில் ஹாரன் அடித்தது.

நடந்துகொண்டே இருந்திருந்தால் நாலு எட்டில் வெளியே வந்திருப்பார். அத்தை நின்றுவிட்டார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், சத்தம் வந்த பக்கம் திரும்பி, நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பயமே இல்லை. பூரித்துப்போயிருந்தது. நான் சொன்னேன் பார்த்தாயா, அடித்துவிட்டான் பார்த்தாயா என்கிற முகம். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

 ஃபோனைப் போட்டுவிட்டு கேட்டுக்குள் குனிந்தேன். பின்னாலிருந்து யாரோ என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். கேட் கீப்பர் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டு ஓடினார். லாரிக்காரர் கத்தினார், பைக்கில் இருந்தவர்கள் கத்தினார்கள். ஹாரன் நிற்கவில்லை. வழக்கமாக அது நின்று, பிறகு இரண்டு தட்டு வரும். அத்தை அந்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. ஒரே நீளமாக, அழுகிற மாதிரி, அது அடித்துக்கொண்டே வந்தது. அப்போதுதான் அத்தையின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. முகம் மாறியது. அதன் பிறகு எங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சுவர் வந்துவிட்டது.

பெட்டி பெட்டியாகப் போனது. புழுதியும் காற்றும் முகத்தில் அறைந்தன. பிரேக் பிடித்த நாற்றம் வந்தது. நான் முருகா, மாரியாத்தா என்று வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தை போய்விட்டால் அழுது தீர்த்துவிடலாம். இந்த மனுஷன் எப்படி உயிரோடு இருப்பார் என்றுதான் நினைத்தேன்.

வண்டி கடந்தது. அத்தை இரண்டாவது தடத்துக்கும் மூன்றாவது தடத்துக்கும் நடுவில் ஜல்லியின் மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஓர் எட்டு வைத்து விழுந்திருக்கிறார். முழங்கையில் ரத்தம். தூக்குவாளியை மட்டும் விடவில்லை.

நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.  அவர் என்னைப் பார்க்கவில்லை, திருவள்ளூர்ப் பக்கம் வெகு தூரத்தில் நின்றுவிட்ட ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி ஏன் நின்னுச்சி? மொத நாளு. நைனாவுக்கு மெமோ குடுப்பாங்களா?” என்றார்.

கோபம் தலைக்கேறியது. “வாயை மூடுங்க அத்தே! ஏன் நின்னீங்க? நடந்திருந்தா வந்திருக்கலாமே, ஏன் நின்னீங்க?” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அவன் கூப்ட்டான்டி” என்றார் அத்தை. “அதான் நின்னேன்.”

 கேட் கீப்பர் வந்து எங்கள் இருவரையும் பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்தார். திட்டினார், பிறகு தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். ரயிலின் வாலிலிருந்து கார்டு இறங்கி, ஜல்லியில் தடுக்கித் தடுக்கி ஓடிவந்தார். சின்ன வயசுக்காரர், வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தையைப் பார்த்ததும் இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார்.

“இவங்களாம்மா? இவங்கதானே?” என்று என்னைக் கேட்டார். “டிரைவர் வாக்கி டாக்கி செட்டுல சொன்னார். போய்ப் பாருங்க சார், அது எங்கம்மான்னார். வேற ஒண்ணும் சொல்லல.”

பிரேக் பிடித்து வண்டி நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருக்கும், அவ்வளவு தூரமும் அவர் எப்படி உள்ளே உட்கார்ந்திருந்தார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். டிரைவர் இருக்கையை விட்டு வர முடியாது. ஃபோன் அணைத்திருக்கும். மூக்குக்குக் கீழே அம்மா மறைந்ததை அவர் பார்த்திருக்கிறார், அதற்கப்புறம் எதையும் பார்க்கவில்லை.

கார்டு வாக்கி டாக்கியை வாயருகே வைத்தார். “அடிபடல சார். அம்மா நல்லா இருக்காங்க. உக்காந்திருக்காங்க, கையில சிராய்ப்புதான். உங்க வீட்டம்மாவும் கூட இருக்காங்க.”

அந்தப் பக்கம் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. கார்டு பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தார். லாரிக்காரர்கூட என்ஜினை அணைத்துவிட்டார்.

“சரிங்க சார்” என்றது என் வீட்டுக்காரரின் குரல். யாரோ அந்நியர் பேசுவது போல இருந்தது. “வண்டி எடுக்கலாம். நீங்க ஏறிட்டு ரைட் குடுங்க.”

கார்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை ரயில் அசைந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஹாரன் அடித்தார்கள், அடித்தாக வேண்டும். அத்தை காதைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்குக் கூட்டி வந்து காயத்துக்கு மருந்து போட்டேன். காபி கொடுத்தேன். அத்தை டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான்தான் பேச்சை எடுத்தேன்.

“அத்தே, கூப்பிட்டான், நின்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த தடவை ஹாரன்ல கை வைக்கவே யோசிப்பார். யோசிச்சா இன்னொருத்தர் போயிடுவாங்க.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் அத்தை. “நீ சொல்லாம இரு. கல்லு மாட்டிகிச்சின்னு சொல்லிக்கிறேன்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “என்னைத் திட்டட்டும். திட்டினா ஆறிடும்” என்றார்.

என் வீட்டுக்காரர் மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். அத்தையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். வாசல் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரும் சாகவில்லை, ஆனாலும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். துண்டோடு நின்று அம்மாவைப் பார்த்தார். கட்டுப் போட்ட முழங்கையைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

அப்படி ஒரு திட்டை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. வர வேண்டாம் என்று சொன்னேனா இல்லையா, உனக்குக் காது இல்லையா, படி ஏற முடியாத கால் கேட்டுக்குள் மட்டும் எப்படிப் புகுகிறது, நான் என்ன மாட்டு வண்டியா ஓட்டுகிறேன் என்று குரல் உடைய உடையக் கத்தினார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒன்றுக்கு இரண்டு சொல்கிற வாய் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது.

“கல்லு மாட்டிகிச்சி நைனா” என்றார் கடைசியில். “கால எடுக்க முடியல. அதான் நின்னுட்டேன்.”

அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். தரையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“கல்லு மாட்டினா குனிஞ்சி காலைப் பாப்பாங்கம்மா” என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. “நீ என்னைப் பாத்து சிரிச்ச. கையைத் தூக்கின.”

அத்தை மடியில் கிடந்த வலது கையை மெதுவாக எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.